சந்தேகமிருந்தால், வேண்டாம்

பதினேழு வருஷமாகக் கோகிலவாணிக்கு ஒரே வேலைதான். யாரும் படிக்காததை எழுதுவது.

சரவணம்பட்டியில் அவள் வேலை பார்த்த கம்பெனி செயற்கை இதயம் செய்தது. ஊரில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. நெஞ்சுப் பம்பு என்றார்கள். பம்பு செய்தே பேர்வாங்கிய கோயமுத்தூர்க்காரர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அந்தப் பம்பை ஓட்டுகிற மென்பொருளின் அடியிலும் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் எப்போது சுற்ற வேண்டும், வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. அதற்குள் ஆயிரத்துச் சொச்சம் ஆப்ஷன்கள். புதிதாகக் கெர்னல் கட்டும்போதெல்லாம் இன்ஜினீயர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று டிக் அடிப்பார்கள். ஒவ்வொரு ஆப்ஷனும் என்ன செய்யும் என்று ஒரு பக்கம் எழுதிவைப்பது கோகிலவாணியின் வேலை. பக்கத்தின் அடியில் அவள் பெயரும் போன் நம்பரும் இருக்கும். பதினேழு வருஷத்தில் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

எல்லாப் பக்கத்துக்கும் கடைசி வரி ஒன்றேதான்: ‘சந்தேகமிருந்தால், வேண்டாம்.’ அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே வருகிற வழக்கம் அது. புரியாத ஒன்றை நெஞ்சுக்குள் ஓடவிடாதே என்று அர்த்தம். நியாயமான பேச்சுதானே? அவளும் கை பாட்டுக்கு அடித்துக்கொண்டே போவாள்.

அந்த வருஷம் மருத்துவக் கருவி ஆணையம் புதிதாக ஒரு சட்டம் போட்டது. பட்டியலில் தெரிகிற ஆப்ஷன்களுக்குப் பக்கம் இருந்தால் மட்டும் போதாது, ஒளிந்திருக்கிறவற்றுக்கும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பக்கம் இல்லாத ஆப்ஷனைக் கெர்னலிலிருந்து தூக்கிவிடுவார்கள். சனிக்கிழமை காலை புதுக் கெர்னல் நாற்பதாயிரம் பேர் நெஞ்சுக்குப் போகும். சோதனைக்காக ஐம்பத்திரண்டு பேருக்கு அதை இரண்டு வாரம் முன்பே போட்டாயிற்று.

“ஒளிஞ்ச ஆப்ஷன்னா என்ன புள்ள?” என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சென்னியப்பன் கேட்டான். கோகிலவாணியின் புருஷன். கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தான். பத்தரை வருஷம் முன்பு நெஞ்சில் பம்பு வைத்துக்கொண்டவன். “ஊருக்கெல்லாம் நான் பம்பு ரிப்பேர் பாக்கறேன், என்ற பம்பை ரிப்பேர் பாக்க ஒருத்தனுமில்ல” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

“மெஸ்ஸுல சாப்பாடு சொன்னா அப்பளம் தானா வருதில்லீங்க? யாரும் அப்பளம்னு தனியாக் கேக்கறதில்ல. அந்த மாதிரி. பெரிய ஆப்ஷன் ஒண்ணைப் போட்டா, அதோட சேந்து சின்னது நாலு தானா வந்துரும். பட்டியல்ல பேரே இருக்காது.”

“சாப்பாடு வேண்டாம்னுட்டா?”

“அப்பளமும் போச்சு.”

“அட, போனாப் போகுது. அப்பளந்தானே” என்றான் சென்னியப்பன்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவள் கடைசி ஆப்ஷனுக்கு வந்தாள். ஹோல்ட்-நைன் என்று பெயர். பக்கம் இல்லை, குறிப்பு இல்லை. எழுதியவர் தேவசகாயம், பதினோரு வருஷம் முன்பு. லெகஸி லாக் என்ற ஒரு பழைய ஆப்ஷனுக்கு அடியில் ஒளிந்திருந்தது. லெகஸி லாக் என்பது அந்தக் காலத்து முறையில் துடிப்பைப் பதிவுசெய்கிற உப்புச்சப்பில்லாத சமாச்சாரம். அதற்குக் கீழே போய் ஒன்றை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

நிரலைத் திறந்து பார்த்தாள். மொத்தமே நான்கு வரிதான். வால்வின் நம்பர் நாற்பதாயிரத்து ஒன்றிலிருந்து நாற்பத்து மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டுக்குள் இருந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் மோட்டார் ஒன்பது மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சென்னியப்பனின் வால்வு நம்பர் நாற்பத்திரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு. கல்யாணத் தேதி மறந்தாலும் அந்த நம்பர் அவளுக்கு மறக்காது.

புதுக் கெர்னலில் ஹோல்ட்-நைன் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. லெகஸி லாக்கை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள், கூடவே இதுவும் போய்விட்டது. ஏன் எடுத்தார்கள் என்ற இடத்தில் ஒரு புது இன்ஜினீயர் பையன் ஒழுங்காகக் காரணம் எழுதியிருந்தான்: ‘ஆவணத்தின்படி.’ ஆவணத்தைத் திறந்தாள். எட்டு வருஷம் முன்பு எழுதிய பக்கம். ‘பெரும்பாலானவர்களுக்கு இது தேவைப்படாது. சந்தேகமிருந்தால், வேண்டாம்.’ கீழே அவள் பெயர்.

அதை எழுதிய அன்றைக்கு மட்டும் அவள் பத்தொன்பது பக்கம் எழுதியிருந்தாள். லெகஸி லாக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கீழே இறங்கிப் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்?

“அக்கா, எல்லாம் முடிஞ்சுதுங்களா?” என்று அவளுடைய மேலதிகாரி நிஷாந்த் எட்டிப் பார்த்தான். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், நல்ல பையன்.

“ஒண்ணு பாக்கிங்க. என்னன்னு வெளங்கல.”

“வெளங்காட்டி வழக்கமான வரியைப் போட்டு முடிச்சுருங்கக்கா.”

அவனிடம் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதலில் அது என்னவென்று தெரியட்டுமே, தெரியாமல் எதைப் போய்ச் சொல்வது என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டாள். சோதனைக்குப் போட்டிருந்தவர்கள் பட்டியலை மட்டும் திறந்தாள். ஐம்பத்திரண்டு பேரில் ஆறு பேருடைய நம்பர் அந்த வரிசைக்குள் இருந்தது. பெயர் கிடையாது, வெறும் நம்பர். மூடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கோத்தகிரிக்குப் பஸ் ஏறினாள். ஓட்டுநர் இல்லாத பஸ், வளைவுக்கு வளைவு தானே ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது. தேவசகாயம் நாகர்கோவில்காரர். வேலையை விட்டபிறகு அங்கே ஒரு சின்ன வீடு வாங்கி பீன்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஹோல்ட்-நைன் என்று அவள் சொன்னதும் கையிலிருந்த களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒருநாள் யாராவது வருவாங்கன்னு தெரியும்” என்றார். “இவ்வளவு வருஷம் ஆவும்னு நெனக்கல.”

“அது என்னங்க சார்?”

“அந்த மூவாயிரத்து நூத்துப் பன்னெண்டு வால்வும் ஒரே சமயத்துல செஞ்சது. உள்ள தொறந்து மூடுற இலை கொஞ்சம் தடிச்சுப் போச்சு. மூடுறதுக்கு ஒன்பது மில்லி செகண்ட் பிந்தும். மூடுறதுக்கு முன்னால மோட்டார் தள்ளிச்சுன்னா இலை கிழியும். கண்டுபிடிச்ச அன்னைக்கே உக்காந்து எழுதினேன். மோட்டாரைக் காக்க வச்சுட்டா ஆள் பொழச்சுக்கிடும்லா?”

“அப்ப இப்பவும் ஒண்ணும் பயமில்லீங்களா?”

அப்படிச் சொல்ல முடியாது என்று அவர் தலையை ஆட்டினார். “காத்திருந்துட்டு விட்டதைப் புடிக்கணும்னா மோட்டார் கூடுதலா முக்கணும். தேஞ்சு போவும். இருபது வருஷம் ஓடவேண்டியது பன்னெண்டு வருஷம் ஓடும். அதுக்குள்ள எல்லாருக்கும் வால்வை மாத்திடணும். மோட்டாரைத் தனியா மாத்த முடியாது, ரெண்டும் ஒண்ணாத்தான் மாத்தணும். ஆனா நல்ல வால்வு மாசத்துக்கு நாப்பதுதான் செய்ய முடிஞ்சுது அப்ப. இப்பவும் அவ்வளவுதான்.”

மூவாயிரத்து நூறை நாற்பதால் வகுக்கப் பெரிய கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆறரை வருஷம். சென்னியப்பனுக்கு இருப்பது ஒன்றரை வருஷம்.

“அப்பவே ஏன் சார் ஒரு பக்கம் எழுதி வெக்கல?” கோபத்தில் அவள் குரல் உடைந்துவிட்டது. “பதினோரு வருஷம் இருந்துதே! எல்லாருக்கும் மாத்தியிருக்கலாமே!”

உள்ளேயிருந்து அவர் மனைவி ரூபாவதி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். “குளிருதுல்லா? சூடா குடிம்மா” என்றுவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் விறுவிறுவென்று ஏறிப் போனாள். எழுபது வயது இருக்கும். மூச்சு வாங்கவில்லை.

“இவளுக்கும் பம்புதான்” என்றார் தேவசகாயம், குரலைத் தணித்துக்கொண்டு. “அந்த வரிசை வால்வுதான் இருந்துது. எழுதிட்டா மூவாயிரம் பேரு வரிசையில நிப்பாங்க. இவளுக்கு முதல்ல மாத்திட்டு எழுதலாம், ஒரு மாசந்தானேன்னு நெனச்சேன். மாத்தியாச்சு. பொறவு எழுத உக்காந்தேன். ஒரு மாசம் ஏன் சும்மா இருந்தேன்னு கேப்பாங்களேன்னு கை வரல. அடுத்த மாசம், ரெண்டு மாசம் ஏன்னு கேப்பாங்க. நாளாக ஆக எழுதறதே பெரிய பாரமாப் போச்சு. யாரும் கைவைக்க மாட்டாங்கன்னுதான் லெகஸி லாக்குக்கு அடியில வச்சேன்.”

“கைவெச்சுட்டாங்க சார். நான்தான் அதை வேண்டாம்னு எழுதினேன்.”

“ஐயோ!” என்று தலையில் கைவைத்தார். “யாருக்காவது போட்டாச்சா?”

“ஆறு பேருக்கு. ரெண்டு வாரமாச்சு. எத்தனை நாளுங்க தாங்கும்?”

“உடனே ஒண்ணும் ஆவாது. மெதுவாத்தான் கிழியும். ரெண்டு மாசம் தாங்கும்.” பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, “நிச்சயம்னு எப்பிடிம்மா சொல்ல?” என்றார்.

இறங்கி வருகிற வழியெல்லாம் அந்த மனுஷரை மனசுக்குள் வைதுகொண்டே வந்தாள். என்ன மாதிரி ஆள்! எத்தனை வீட்டின் பாவம்! மேட்டுப்பாளையம் வந்தபோது, ரெண்டு மாசம் தாங்கும் என்ற பேச்சு மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது. அதற்கடுத்து அவர் சொன்னது எங்கேயோ வளைவில் விழுந்துவிட்டது.

புதன்கிழமை காலை பட்டறைக்குப் போனாள். சென்னியப்பன் ஒரு ஆர்மேச்சருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஜினீயர்களுக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும் புரிய. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

“அடியில இருக்கற புட் வால்வு மூடறது லேட்டு. மோட்டார் அடி வாங்குது. அப்படித்தானே?”

“ஆமாங்க.”

“தெனமும் பாக்கறதுதான். காயில் போயிரும்.” கம்பியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை அவன். “எத்தனை பேருக்கு?”

“மூவாயிரத்துச் சொச்சம். நான் எழுதிட்டா வரிசை போடுவாங்க. நீங்க பிந்தி வெச்சவங்க, கடைசியிலதான் வருவீங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்க. செக்கப்புல சந்தேகம்னு சொல்லி வால்வை மாத்திரலாம். வெள்ளிக்கெழம சாயங்காலம் வரைக்கும் எனக்கு நேரம் இருக்குது.”

“மத்தவங்க?”

“வெள்ளிக்கெழம எழுதிருவேன். அதுக்கு முன்னால சொன்னாலும் கெர்னல் கட்டறது வெள்ளிக்கெழமதான். நடுவுல நிறுத்தோணும்னா எல்லா ஆஸ்பத்திரிக்கும் காரணம் சொல்லோணும்.”

“எழுதிருவீல்ல?”

“எழுதிருவேனுங்க.”

அவன் கம்பியின் நுனியை வெட்டினான், ஆர்மேச்சரை ஓரமாக வைத்தான், கையைத் துடைத்துக்கொண்டான். பத்தரை வருஷமாக எதற்கும் சிரிக்கிற ஆள். “எனக்குப் பயமா இருக்குது கோகிலா” என்றான். சட்டையை மாற்றிக்கொள்ளச் சொன்னாள்.

பதினொரு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் வந்த வேலை முடிந்துவிட்டது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், மோட்டார் தேய்மானம் கொஞ்சம் அதிகம்தான் என்றார், கையிருப்பில் இரண்டு வால்வு இருக்கிறது, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் பண்ணிவிடலாம், மோட்டாரையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார். கோகிலவாணிக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டாள். தேவசகாயம் பதினோரு வருஷம், நான் நான்கு நாள், இரண்டும் ஒன்றாகுமா என்று சட்னியைத் தொட்டுக்கொண்டே யோசித்தாள். ஆகாது என்றுதான் தோன்றியது.

வியாழக்கிழமை ஆபீசில் கை கால் ஓடவில்லை. பட்டியலைத் திறப்பாள், மூடுவாள். நிஷாந்த் இரண்டு தடவை வந்து, “அந்த ஒண்ணு மட்டும்தாங்கக்கா பாக்கி” என்றுவிட்டுப் போனான். எழுதிவிடலாம், இப்போதே எழுதிவிடலாம் என்று இரண்டு வரி அடித்தாள். எழுதினால் அந்தக் கையிருப்பு வால்வை இன்றைக்கே முடக்கிவிடுவார்கள். அடித்ததை அழித்தாள்.

வெள்ளிக்கிழமை சென்னியப்பனை உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மணி நேரம். ஒன்றேகாலுக்கு டாக்டர் வெளியே வந்து, “நல்லபடியா முடிஞ்சுதும்மா” என்றார். கோகிலவாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அப்புறம் முகத்தைக் கழுவிவிட்டு, வராந்தா பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.

அவள் வாழ்க்கையில் எழுதிய நல்ல பக்கம் அதுதான். ஒரு இன்ஜினீயரிங் வார்த்தை கிடையாது. எந்த வால்வு, என்ன கோளாறு, எத்தனை பேர், எத்தனை வருஷம், யார் மறைத்தது, எந்தப் பக்கத்தை நம்பி எடுத்தார்கள், அந்தப் பக்கத்தைத் தவறாக எழுதியது யார் என்று தன் பெயரையும் சேர்த்து எழுதினாள். வழக்கமான கடைசி வரியை விட்டுவிட்டு, ‘இதை எடுக்கவே கூடாது, எடுத்தால் ஆள் செத்துப்போவார்’ என்று போட்டாள். ஒளிந்த ஆப்ஷன்களுக்கான படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. கண்டறிந்த நாள். உயிருக்கு ஆபத்தானது எதுவென்றாலும், கண்டறிந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டு அனுப்பினாள்.

இரண்டு நிமிஷத்தில் நிஷாந்த் படிக்காமலே ஒப்புதல் கொடுத்தான். வழக்கம் அதுதான். இருபது நிமிஷம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, என்னங்கக்கா இது?”

“படிச்சீங்களா?”

“படிச்சேனுங்க” என்றான். கோபப்படுவான் என்று நினைத்தாள். “கட்டறதை நிறுத்திர்றேனுங்க” என்று மட்டும் சொல்லி வைத்தான்.

நிறுத்தினான். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சோதனைக்குப் போட்டிருந்தவர்களுக்குப் பழைய கெர்னலைத் திருப்பிப் போட்டார்கள். அவள் எழுதிய பக்கத்தை எல்லாச் செய்தியிலும் அப்படியே வாசித்தார்கள். மூவாயிரத்து நூற்றுப் பத்துப் பேருக்கு வரிசை போட ஏற்பாடு நடந்தது. வேறு ஊரிலும் வால்வு செய்ய முடியுமா என்று பேச்சு ஆரம்பித்தது. உண்மையை வெளியே கொண்டுவந்த பெண்மணி என்று ஒரு செய்தியில் சொன்னார்கள். தீவிர சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் கண் விழித்து, இவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். கோகிலவாணி ஒரு வாரத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“பம்பைப் பத்தி எழுதுனவங்களாங்க? அந்தக் காயிதத்துக்கு அடியில உங்க நம்பரு போட்டிருந்துது. நான் கோபிச்செட்டிபாளையத்துல இருந்து பேசறனுங்க. தெய்வானைன்னு பேரு.”

“சொல்லுங்கம்மா.”

“எங்க ஊட்டுக்காரருக்கும் பம்பு வெச்சிருந்துதுங்க. புதுசா என்னமோ போட்டுப் பாக்கோணும்னு கேட்டாங்க, செரின்னாரு. அந்த அம்பத்திரண்டு பேருல அவரும் ஒருத்தருங்க. பொதங்கெழம காத்தால, பசுவுக்குத் தண்ணி காட்டிப்போட்டு வந்து உக்காந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாருங்க. வயசாயிருச்சு, ஆயுசு அவ்வளவுதான்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். நேத்து என்ற மக உங்க காயிதத்தைப் படிச்சுக் காட்டுனா. நம்பரைப் பாத்தோம். அதுதானுங்க.”

கோகிலவாணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களைக் கொறை சொல்லக் கூப்புடலீங்க. வேற ஆரும் எழுதல. நீங்கதான் எழுதுனீங்க. ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணுச்சு. நீங்க நல்லா இருக்கோணும்.” அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “வெள்ளிக்கெழமதான் தெரிஞ்சுதுன்னு போட்டிருக்குது. ஒரு நாலு நாளு முன்னால தெரிஞ்சிருந்தா இருந்திருப்பாரேன்னு மனசு அடிச்சுக்குதுங்க. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? தெரிஞ்சா சொல்லாமயா இருந்திருப்பீங்க?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் சென்னியப்பனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் என்னவோ சொல்ல, நர்ஸ் சிரித்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த அம்மாளுக்கும் அதுவே நிம்மதி. சொன்னால் என்னென்ன வரும் என்று கோகிலவாணிக்குத் தெரியும். ஆணையம் வரும், போலீஸ் வரும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவனையும் விடமாட்டார்கள்.

“அம்மா” என்றாள்.

“சொல்லு கண்ணு.”

“எனக்குத் திங்கக்கெழமையே தெரியுமுங்க.”

அந்தப் பக்கம் பசு கத்துவது கேட்டது. தெய்வானை போனை வைக்கவில்லை.